தாவும் காற்று



தமிழ் பயிற்றுவிப்பவளுக்குக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை சொல்லில் இருக்கிறது. வெடியினின்று விரிவதும், ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தின் முன் எழுவதுமாகிய ஒன்றை 'அதிர்ச்சி அலை' என்று எழுதி வருகிறோம். அச்சொல் அப்பொருளைத் தாங்குமா?

அமுக்குண்ட காற்று வெம்மையுறும். வெம்மையுற்ற காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஆதலால் அழுத்த அலையின் பின்பகுதி முன்பகுதியை எட்டிப் பிடிக்கிறது. சரிவாயிருந்த முகப்பு வரவரச் செங்குத்தாகிறது. முடிவில் இப்பக்கம் ஓர் அழுத்தம், அப்பக்கம் வேறோர் அழுத்தம். வலிய அலையாயின், இடைப்பட்ட தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. சிறுகச் சிறுக நிகழும் மாற்றத்தையே அளக்க வல்ல நுண்கணிதம் அங்கே கைவிட்டுவிடுகிறது. ஆயினும் மூன்று வரவுசெலவுகள் பொய்ப்பதில்லை: பொருண்மை, உந்தம், ஆற்றல். 1860-இல் இதனை ஆராய்ந்த ரீமனே ஆற்றல் கணக்கில் வழுவினார். ராங்கினும் (1870) யூகோனியோவும் (1887) அதனைச் செப்பம் செய்தனர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் விண்மீன் ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943-இல் அமெரிக்கப் படைத்துறையின் அபர்டீன் ஆய்வகத்துக்காக, இவ்வலைகள் எவ்வாறு தேய்கின்றன என்று கணித்து அறிக்கை எழுதினார். போர் கேட்ட கணக்கு அது.

நாம் அபர்டீன் செல்ல வேண்டா. வெள்ளாற்றில் நீர் வரும் நாளில் பெலாந்துறை அணைக்கட்டின் கீழ்ப்புறம் நின்றால் போதும். வழிந்து விழுந்த நீர் மெல்லிய தகடாய் விரைகிறது. திடீரென நுரைத்து உயர்ந்து, நடை தளர்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் செல்லும். நான்கு மீட்டர் ஆழத்தில் 6 மீட்டர். காற்றில் வெம்மை செய்ததை இங்கே ஆழம் செய்கிறது. சமன்பாடும் ஒன்றே போன்றது. இன்னொன்றும் காண்க: உயர்ந்த நீர் தானே மெலிந்து மீண்டும் விரைவதில்லை. கணக்கு இருதிசைக்கும் இடந்தரினும் இயற்கை ஒன்றையே ஏற்கிறது. கவிஞர்க்கு இது பிடிக்கும் என நினைக்கிறேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். அதிர்வு மீண்டும் மீண்டும் நிகழ்வது; அதிர்ச்சி நெஞ்சுக்கு உரியது. இதுவோ ஒருமுறை கடந்து செல்வது. நீரில் நிகழ்வதை ஆங்கிலேயர் தாவல் என்றே அழைக்கின்றனர். காற்றுக்கும் அதனை நீட்டித் 'தாவலலை' என்று நான் எழுதி வருகிறேன். இரு லகரம் அடுத்து வருதல் செவிக்கு இடறுகிறது என்பீராயின், வேறு சொல் தருக.