ஒன்பதுகளால் நிரம்பிய கட்டம்

(குறுவளமையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மேகத் தரவுக் கிடங்கு’ என்று தலைப்பைப் பலகையில் எழுதியதும், “இது கம்ப்யூட்டர் டீச்சருங்களுக்கான கூட்டம் போல” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நானும் கணக்கு ஆசிரியர்தான். பயப்படாமல் கேளுங்கள்.

கிடங்கு நமக்குப் புதிதல்ல. சேலத்தில் சேகோசர்வ் இருக்கிறது, 1981இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஆலைகளின் ஜவ்வரிசி மூட்டைகள் அங்கே வந்து அடுக்கப்படுகின்றன. வாங்க வருபவர் ஆலை ஆலையாக அலைய வேண்டியதில்லை. தரவுக் கிடங்கும் அப்படித்தான். பல இடங்களில் பதிவான விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்து, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது. அந்த இடம் நம் கணினியில் இல்லாமல், இணையத்துக்கு அப்பால் ஒரு நிறுவனத்தின் கணினிகளில் இருந்தால் அது மேகம். அமேசானின் ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃபிளேக், கூகுளின் பிக்குவரி என்று பல உண்டு. நான் மாணவர்களோடு பயன்படுத்துவது பிக்குவரி. காரணம் எளிது, காசு கேட்காது. கடன் அட்டை கொடுக்காமலேயே அதன் சோதனைப் பகுதியில் மாதம் 1 டெராபைட் வரை தேடலாம், 10 ஜிகாபைட் வரை சேமிக்கலாம்.

இணைவதற்கு ஒரு கூகுள் கணக்கும் உலாவியும் போதும். உள்ளே போனதும் ‘புராஜெக்ட்’ ஒன்றுக்குப் பெயர் வைக்கச் சொல்லும். நாம் செய்யும் தேடல்கள் எந்தக் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதற்கான பெயர் அது. அடுத்தது அனுமதி: எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பது. பொதுத் தரவுகளை நாம் படிக்க மட்டுமே முடியும். எனவே மாணவர் எதைத் தட்டினாலும் எதுவும் அழியாது. இதைச் சொன்ன பிறகுதான் பல பிள்ளைகள் விசைப்பலகையில் கை வைத்தார்கள்.

கேட்கும் மொழி எஸ்கியூஎல். 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்ட மொழி, இன்றும் ஓடுகிறது. செலெக்ட் என்றால் எந்த நெடுவரிசை, ஃபிரம் என்றால் எந்த அட்டவணை, வேர் என்றால் என்ன நிபந்தனை. இந்த மூன்றைக் கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் ஓட்டலாம்.

இந்தக் கிடங்குகள் எப்படி அடுக்கி வைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நம் மதிப்பெண் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வரி. கணக்கின் சராசரி மட்டும் வேண்டுமென்றாலும் ஒவ்வொரு வரியாகக் கண் ஓட்டியாக வேண்டும். அதற்குப் பதில் தமிழுக்கு ஒரு தாள், கணக்குக்கு ஒரு தாள் என்று பாடவாரியாக எழுதி வைத்திருந்தால்? கணக்குத் தாளை மட்டும் உருவினால் போதும். பிக்குவரி அப்படித்தான் நெடுவரிசை நெடுவரிசையாக வைத்திருக்கிறது. அதனால்தான் கோடிக்கணக்கான வரிகளிலும் சில விநாடிகளில் விடை வருகிறது. செலெக்ட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாத் தாள்களையும் உருவுகிறோம் என்று பொருள். இலவச அளவு வேகமாகக் கரையும். பத்து வரி மட்டும் காட்டு என்றாலும் படிக்கும் அளவு குறையாது. இயக்குவதற்கு முன்பே எவ்வளவு படிக்கப்போகிறது என்று திரையில் எழுதிக் காட்டும். அதைப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்பது எங்கள் ஆய்வக விதி.

இனி ஒன்பதாம் வகுப்பில் நடந்தது. அமெரிக்க வானிலை அமைப்பான நோவா, உலக நிலையங்களின் அன்றாட வானிலைச் சுருக்கத்தை 1929ஆம் ஆண்டிலிருந்து அங்கே வைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஓர் அட்டவணை. அதில் நிலையத்தின் எண் மட்டும்தான் இருக்கும். ஊர்ப் பெயரும் நாடும் வேறொரு அட்டவணையில். எண்ணை வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும், நாம் எமிஸ் எண்ணை வைத்து ஒரு மாணவரின் விவரங்களைச் சேர்த்துப் பார்ப்பது போல. சேலம் என்று பெயரை மட்டும் கொடுத்தால் அமெரிக்கச் சேலமும் வந்து நிற்கும், நாட்டையும் கொடுங்கள் என்று எச்சரித்திருந்தேன். இந்திய நிலையங்கள் அனைத்திலும் அந்த ஆண்டின் மிக அதிக வெப்பம் எவ்வளவு என்பது கேள்வி.

விடை வந்தது: 9999.9.

அட்டவணை ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. ஒரு மாணவி 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்துவிட்டு எழுந்தாள். “சார், 5,538 டிகிரி செல்சியஸ் வருது. சூரியனோட மேற்பரப்பே கிட்டத்தட்ட அவ்வளவுதானே?” வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது.

அந்த எண் வெப்பமே இல்லை. அன்று அளவு கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம். தரவு விளக்கக் குறிப்பில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. படிக்காமல் கேட்டது நாங்கள். வேர் வரியில் அதை விலக்கியதும் நம்பத்தக்க விடை வந்தது.

எனக்குச் சிரிப்பு வராத காரணத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இணையப் படிவத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணி, மறுநாள் கடைசி நாள். ஒரு பையனின் வீட்டில் கைப்பேசி இல்லை. கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது. பத்து ஒன்பதுகளைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன். பள்ளி அளவில் பதிவு முழுமை என்று காட்டியது. பாராட்டும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு டீச்சர் வந்து, “சார், அந்தப் பையன் பதினோரு நாளா வரல. நம்பர் போகவே மாட்டேங்குது” என்றார். திரையைப் பார்த்தபோதுதான் என் கை செய்தது எனக்கே தெரிந்தது. குடும்பம் விசைத்தறி வேலைக்காகப் பள்ளிபாளையம் பக்கம் போயிருந்தது. டீக்கடை டீக்கடையாக விசாரித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பையன் தறிப்பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். திரும்ப அழைத்து வந்தோம். அதற்குள் காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது.

சேகோசர்வில் மூட்டைக்கு மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். நாம் ஏற்றும் கட்டத்துக்கு மாதிரி எடுப்பவர், ஏற்றிய நாம்தான்.

அதன்பின் பருவத்துக்கு ஒரு முறை என் வகுப்புப் பட்டியலில் ஒரே எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். எஸ்கியூஎல்லில் குரூப் பை என்பது அதுதான்; விரிதாளிலும் செய்யலாம். திரும்ப வருவதெல்லாம் தவறல்ல. அண்ணன் தங்கைக்கு ஒரே எண் இருக்கும். ஆனால் போன முறை உறவே இல்லாத நான்கு குடும்பங்களுக்கு ஒரே எண் வந்தது. அழைத்தேன். எடுத்தவர் பட்டறை முதலாளி. எண் சரியானது, பத்து இலக்கம், மணி அடிக்கிறது. எண்ணின் வடிவத்தை மட்டும் பார்க்கும் கணினிச் சோதனை அதைப் பிடிக்காது. ஆனால் பையன் ஏன் வரவில்லை என்று நாம் அவரிடமா கேட்க முடியும்?

ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் மாணவர் பட்டியலைச் சொந்தக் கணக்கில் பிக்குவரிக்கு ஏற்றிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகளே. அவர்கள் விவரத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பழக வானிலைத் தரவு போதும். கடவுச்சொல்லைப் பீரோக் கதவில் ஒட்டும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடலாம், எங்கள் பள்ளி உட்பட.

தேநீருக்குப் பிறகு ஆய்வகத்துக்குப் போவோம். இருவருக்கு ஒரு கணினி. முதல் கேள்வியில் நாட்டைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.