பசும் போர்வையும் அடிமண்ணும்



மழைக்காலத்தில் கிணற்றுக் கைப்பிடிச் சுவரிலும் பழைய செங்கற்களின் இடுக்குகளிலும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் ஒன்று படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனைப் பாசி என்கிறோம். குளத்து நீரில் மிதப்பதையும் பாசி என்றே வழங்குகிறோம். ஆனால் இவ்விரண்டும் வெவ்வேறானவை. சுவரில் வளர்வதற்குத் தண்டு போன்ற பகுதியும், இலை போன்ற பகுதியும் உண்டு. உங்கள் தாவரவியல் நூல் அதனை 'மாஸ்' என்று குறிப்பிடும். அந்தச் சுவர்ப்பாசியைக் குறுமரத் தொட்டியில் வளர்த்துப் பேணும் முறையைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

குறுமரக் கலையைப் 'பொன்சாய்' என்பர். ஜப்பானிய மொழியில் 'பொன்' என்பது ஆழமற்ற தொட்டியையும், 'சாய்' என்பது நடுதலையும் குறிக்கும். சீனத்தில் தோன்றி, ஜப்பானில் செழித்த கலை இது. ஒரு முழ உயரமே உள்ள மரம், காட்டில் நெடுங்காலம் நின்ற பெருமரம் போலத் தோன்றவேண்டும் என்பதே இக்கலையின் நோக்கம். அடியில் பாசி படர்ந்திருந்தால், அது புல்வெளியாய்க் கண்ணுக்குத் தோன்றி, மரத்தின் பெருமையை உயர்த்திக் காட்டும். 1934-ஆம் ஆண்டில் டோக்கியோவில் தொடங்கப்பெற்ற கொக்குஃபூ கண்காட்சியில் மரங்களின் அடியில் பாசி பதித்திருப்பது இதனாலேயே. அழகு மட்டுமன்று, நீர் ஊற்றும்போது மேல்மண் அரித்துச் செல்லாமலும் பாசி காக்கும்.

வளர்க்கும் முறை எளிது. தொட்டி வெயிலில் இருக்குமானால், வெயில் படும் இடத்துப் பாசியையே எடுக்கவேண்டும். நிழலில் வளர்ந்தது வெயிலில் தீய்ந்துவிடும். நடைபாதை இடுக்குகளில் வளரும் வெள்ளிப்பாசி இதற்கு ஏற்றது. அதன் இலைநுனியில் பச்சையம் இல்லாமையால் அது வெள்ளிபோல் மின்னும். பாசியைத் தகடாகப் பெயர்த்து, அடியில் ஒட்டிய மண்ணை நீக்கி, ஈர மண்ணின்மேல் வைத்து விரலால் அழுத்துக. அன்றேல், அதனை உலர்த்திப் பொடித்து, நுண்மணலோடு கலந்து தூவி, நிழலில் வைத்துப் பூவாளியால் மெல்ல நனைத்து வருக. சில வாரங்களில் பசுமை படரக் காண்பீர்கள். உப்புநீர் ஆகாது, மழைநீரே நன்று. அடிமரத்தின்மேல் பாசி ஏறவிடலாகாது. ஏறினால் பட்டை ஓயாமல் ஈரமாகவே இருந்து அழுகக்கூடும்.

இனி, நான் செய்த பிழையைச் சொல்லுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆண்டில், பள்ளி வளாகத்துப் புளியமரத்தடியில் முளைத்திருந்த கன்று ஒன்றைப் பெயர்த்து வந்து, தொட்டியில் வைத்து ஐந்தாண்டு வளர்த்தேன். அதன் அடியில் பாசி பதித்து, நாள்தோறும் காலையில் நீர் தெளித்து வந்தேன். ஒரு சித்திரை மாதத்தில் இலைகள் உதிரத் தொடங்கின. பாசியோ பச்சைப்பசேலென்று இருந்தது. அதனைக் கண்டு, மண்ணில் ஈரம் உண்டு என்று நம்பி, வாளா இருந்துவிட்டேன். ஒருநாள் ஐயுற்றுப் பாசியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே மண் புழுதியாய்க் கிடந்தது. மரம் பட்டுப்போயிற்று.

இது நிகழ்ந்த காரணத்தை எண்ணிப் பாருங்கள். பாசிக்கு உண்மையான வேர் இல்லை. பற்றிக்கொள்ளும் மெல்லிய இழைகளே உண்டு. மேலே விழும் நீரை அது இலையாலேயே பருகும். காய்ந்து சருகானாலும், பலவகைப் பாசிகள் சிறிது நீர் பட்ட அளவிலேயே மீண்டும் பசுமையாகும். மரத்துக்கு அவ்வாற்றல் இல்லை. நான் தெளித்த நீர் பாசியின் தாகத்தைத் தணித்ததேயன்றி, வேரைச் சென்று சேரவில்லை. நன்கு காய்ந்த பாசிப்படலம் நீரை உள்ளே விடாமல் வழித்தும் விடும்.

ஆதலின், தொட்டியின் ஒரு மூலையைப் பாசியின்றி விடுங்கள். மெல்லிய மூங்கிற்குச்சி ஒன்றை மண்ணில் ஆழச் செருகி வைத்து, சிறிது நேரங்கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். குச்சியில் ஈரம் இல்லையேல், தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியுமளவும் ஊற்றுங்கள்.

வகுப்பறையில் மாணவர்கள் தலையசைப்பதைக் கண்டு, பாடம் விளங்கிவிட்டது என்று எத்தனையோ நாள் நான் மனநிறைவோடு வெளியே வந்திருக்கிறேன். அந்நாட்களில் ஒரு குச்சியையேனும் செருகிப் பார்த்தேனா என்று இப்போது எண்ணுகிறேன். நீங்களும் விளங்காத இடத்தில் தலையசைக்காதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்.

அந்தத் தொட்டியில் இப்போது வேறொரு புளியங்கன்று வளர்கிறது. அதன் அடியிலும் பாசி உண்டு. பக்கத்தில் குச்சியும் உண்டு.