ஊருக்குப் போறது வேற, விவசாயத்துல பிழைக்கிறது வேற

இந்த எபிசோட் ரொம்ப நாளா பெண்டிங்ல இருந்தது. "வேலைய விட்டுட்டு ஊருக்குப் போய் செட்டில் ஆகலாம்னு இருக்கேன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" இந்தக் கேள்விய நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. போன மாசம் என் டீம்லயே ஒருத்தர் பேப்பர் போட்டுட்டார். நோட்டீஸ் பீரியட் 90 நாள். கையில சேமிப்பு இருக்கு, மூணு ஏக்கர் பார்த்து வெச்சிருக்கார், அட்வான்ஸ் மட்டும் இன்னும் கொடுக்கல. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கயும் சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்த்துடுவோம். "ஊருக்குப் போறேன்"னு நாம சொல்றப்போ அதுக்குள்ள ரெண்டு முடிவு ஒளிஞ்சிருக்கு. ஊர்ல வாழறது ஒண்ணு. விவசாயத்துல சம்பாதிக்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டும் ஒண்ணா சேர்ந்துதான் வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஸோஹோ ஆஃபீஸ் இருக்கு. அங்க வேலை பார்க்கிறவங்களும் ஊர்ல வாழறவங்கதான், ஆனா மாசக் கடைசியில சம்பளம் வருது. உங்களுக்கு வெறுத்துப் போனது டிராஃபிக்கும் வாடகையும் மேனேஜரும்னா, அதுக்கு மருந்து மூணு ஏக்கர் நிலம்தானான்னு முதல்ல யோசிங்க.

இல்ல, விவசாயமேதான்னு முடிவு பண்ணிட்டீங்களா? சரி, கணக்கு போடுவோம்.

தண்ணியில இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் தண்ணி தேவைப்படும். அதாவது ஒரு ஏக்கர் முழுக்க நாலடி உயரத்துக்குத் தண்ணி நிக்கிற அளவு. லிட்டர்ல சொன்னா 48 லட்சத்துக்கு மேல. 2019 கோடையில சென்னையில தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்தோம்ல, அந்த 12,000 லிட்டர் லாரியில கணக்கு போட்டா 400 லோடு. மழை ஒரு பங்கு கொடுக்கும், வாய்க்கால் இருந்தா அது ஒரு பங்கு கொடுக்கும், மீதி கிணத்துல இருந்தோ போர்ல இருந்தோதான் வரணும். அதனால நிலத்தைக் கார்த்திகையில போய்ப் பார்க்காதீங்க. அப்போ எல்லா ஊரும் பச்சையாத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில போங்க. கிணத்துல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு எட்டிப் பாருங்க. பக்கத்துத் தோட்டத்துல போர் எத்தனை அடி போட்டிருக்காங்கன்னு கேளுங்க. புரோக்கர் சொல்லாததை அந்தப் பதில் சொல்லிடும்.

அடுத்தது கரண்ட். தமிழ்நாட்டுல 1990-ல இருந்து விவசாய பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனா புதுசா இலவச இணைப்பு வாங்கணும்னா வரிசையில நிக்கணும், அது வருஷக்கணக்குல இழுக்கலாம். இருக்கிற இணைப்பு யார் பேர்ல இருக்கு, அது நிலத்தோட சேர்ந்து உங்க பேருக்கு மாறுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

இப்போ பணம். 2024-25-ல சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவிச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2300 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் எடுத்தீங்கன்னு வைங்க. மொத்தம் 55,200 ரூபாய். உழவு, நாத்து, நடவு, களை, உரம், அறுவடை மெஷின் எல்லாம் போக பாதி கையில நிக்குதுன்னு தாராளமாவே வெச்சுப்போம். 27,600 ரூபாய். நாலு மாச உழைப்புக்கு. ஓஎம்ஆர் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாச வாடகை. "நான் தென்னை வைப்பேன் ப்ரோ"ங்கறீங்களா? ஏக்கருக்கு 70 கன்னு வைக்கலாம், ஆனா நெட்டை ரகம் காய்ப்புக்கு வர அஞ்சு, ஆறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்ங்கறதுதான் கேள்வி.

இயற்கை விவசாயம்னா செலவே இல்லன்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு கதை சொல்றேன். நம்மில் பல பேர் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படிச்சுட்டுத்தான் இந்தப் பக்கமே திரும்பினோம். அதை எழுதின மசானபு ஃபுகுவோகா, யோகோஹாமா சுங்க அலுவலகத்துல தாவர ஆய்வு வேலை பார்த்தவர். 25 வயசுல வேலைய விட்டுட்டு ஊருக்குப் போனார். அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்தை "இயற்கை பார்த்துக்கும்"னு கவாத்து பண்ணாம அப்படியே விட்டார். மரங்கள் பட்டுப்போச்சு. திரும்பவும் போய் கோச்சியில விவசாய ஆராய்ச்சி நிலையத்துல சம்பளத்துக்குச் சேர்ந்தார். பல வருஷம் வேலை பார்த்துட்டு, உலகப் போர் முடிஞ்ச பிறகுதான் மறுபடியும் ஊருக்கு வந்தார். நாம கொண்டாடுறது அந்த ரெண்டாவது தடவை வந்தவரை. நம்மாழ்வாரையும் பாருங்க. விவசாயக் குடும்பத்துல பிறந்து, விவசாயம் படிச்சு, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்துட்டு, 1969-ல வெளிய வந்தவர். மண்ணைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் வேலைய விட்டார். நமக்கு மண்ணைத் தெரியறதுக்கு முன்னாடியே ரிசைன் பண்ணணும்னு அவசரம்.

பேப்பர்ஸ் விஷயத்துக்கு வருவோம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூணையும் ஆன்லைன்லயே பார்த்துடலாம். அதோட நிறுத்தாதீங்க. நிலத்துக்கு வண்டிப்பாதை இருக்கா, அது பத்திரத்துல எழுதியிருக்கா, இல்ல "அண்ணே, இந்த வழியாத்தான் எல்லாரும் போவோம்"ங்கற வாய்வார்த்தையான்னு பாருங்க. இன்னொண்ணு, பஞ்சமி நிலம். 1892-ல பிரிட்டிஷ் அரசு தலித் மக்களுக்கு ஒதுக்கித் தந்த நிலம் அது. அதை வேற சமூகத்துக்காரங்க வாங்க முடியாதுங்கறது அந்த ஒப்படைப்போட நிபந்தனை. ஆனாலும் பல இடத்துல கை மாறியிருக்கு. தாலுகா ஆஃபீஸ்ல ஏ ரிஜிஸ்டரைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. உங்க பணத்துக்காக மட்டும் சொல்லல. ஒருத்தர்கிட்ட இருந்து பறிபோன நிலத்துல நின்னு நாம நிம்மதி தேடக் கூடாது.

நிம்மதின்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த எபிசோட் பத்தி அப்பாகிட்ட சொன்னேன். எங்களுக்கு ஊர்ல ஒன்றரை ஏக்கர் இருந்தது. நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ வித்தது. அவர் கோபப்படல, சிரிக்கவும் இல்ல. "த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும். டார்ச்ச எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போவேன். வரப்புல பாம்பு கிடக்குமேன்னு பயந்துக்கிட்டே போவேன். நீ அதைப் பார்க்கக் கூடாதுன்னுதான்டா படிக்க வெச்சேன்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா அந்தக் கிணத்துத் தண்ணி ருசி எங்கயும் வராது"ன்னும் அவரேதான் சொன்னார். ரெண்டுமே உண்மை. ரெண்டுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு முடிவு பண்ணாதீங்க.

இன்னொரு விஷயமும் சொல்லணும். கிராமம் காலி மனை இல்ல. அங்க ஏற்கெனவே மனுஷங்க இருக்காங்க. நீங்க போய் இறங்கின முதல் வாரமே "தம்பி எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு கேட்பாங்க. பாசமாவும் கேட்பாங்க, சாதி தெரிஞ்சுக்கறதுக்காகவும் கேட்பாங்க. அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் உங்களுக்கு எந்தத் தெருவுல வீடு கிடைக்கும்ங்கறதே முடிவாகும். தனியா போற பொண்ணுன்னா கேள்விகள் இன்னும் அதிகம். சிட்டியில யாரும் நம்மைக் கண்டுக்கறதில்லன்னு புலம்பறோம். அப்படி யாரும் கண்டுக்காத இடம் வேணும்னு அங்க இருந்து பஸ் ஏறி வந்தவங்களும் நம்ம பக்கத்து டெஸ்க்லயேதான் உட்கார்ந்திருக்காங்க.

அப்போ போகவே வேணாமாங்கறீங்களா? போங்க. ஆனா வாங்காதீங்க, முதல்ல குத்தகைக்கு எடுங்க. ஒரு ஏக்கர், ஒரு வருஷம். குத்தகையைப் பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. ஊர்லயே ஒரு வீடு வாடகைக்குப் பிடிங்க. ரிமோட் வேலை கிடைச்சா அதை விடாதீங்க. ஐப்பசி மழையையும் அங்கயே பாருங்க, சித்திரை வெயிலையும் அங்கயே பாருங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் எங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. ஒரு விளைச்சலை நீங்களே கொண்டுபோய் வித்துப் பாருங்க. கூலிக்கு வர்ற அக்காமார்கிட்ட பேசுங்க, எந்த வயல் எப்படின்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யூட்யூபுக்குத் தெரியாது. அந்த ஒரு வருஷத்துக்கு அப்புறமும் வாங்கணும்னு தோணினா, அது உங்க ஊர்.

என் டீம் நண்பர் அட்வான்ஸ் கொடுக்கறதைத் தள்ளி வெச்சிருக்கார். அதே ஊர்ல ஒரு ஏக்கர் குத்தகைக்குக் கேட்டுட்டு இருக்கார். வேலைய விடறதுல மாற்றம் இல்ல, அது அவர் முடிவு.

உங்கள்ல யாராவது ஏற்கெனவே போயிட்டீங்கன்னா, முதல் வருஷக் கணக்கை வரவு செலவோட எழுதி அனுப்புங்க. நஷ்டமா இருந்தாலும் பரவாயில்ல, அனுப்புங்க. இப்போ நோட்டீஸ் பீரியட்ல உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு அந்தக் கணக்குதான் உதவும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.