ஈரத்துணியினால் சிசுக்களுக்கு உண்டாகும் புண்
(கிராம மாதர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



பற்று வரவுக் கணக்குப் பார்க்க வருகிறவன் குழந்தையின் இடைத்துணியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நகைக்கலாம். வீட்டிலேயே தீரக்கூடிய தொல்லைக்குக் கைமாற்று வாங்கிச் செலவழிப்பது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயமன்று.

சிசுவின் பிருஷ்டத்திலும் தொடைகளிலும் காணும் சிவப்புக்கு உடற்சூடு காரணமென்பார்கள். முக்கிய காரணம் ஈரமே. மூத்திரத்தில் ஊறிய தோல் பலமிழக்கிறது. மலத்திலுள்ள ஜீரண ரசங்கள் அதனை அரிக்கின்றன. துணியின் உராய்வு மீதியைச் செய்துவிடுகிறது. பேதி கண்ட நாட்களில் புண் அதிகரிப்பது இதனாலேயே. கடையில் விற்கும் டயாப்பரும் இதற்கு விலக்கன்று.

ஆகவே 2 அல்லது 3 மணிக்கொரு முறை பார்த்துத் துணியை மாற்றுக. மலம் கழித்தால் உடனே மாற்றுக. வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, சற்று நேரம் துணியின்றி விடவேண்டும். குழந்தையை அரைஞாணுடன் மட்டும் விளையாட விடுவதை நாகரிகமற்ற வழக்கமென்போர் உளர். இவ்விஷயத்தில் நான் பாட்டிமார் கட்சி.

தோல் உலர்ந்த பின் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பையோ வாஸலினையோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல், கனமாகப் பூசுக. அடுத்த முறை அதனைச் சுரண்டி எடுக்க வேண்டுவதில்லை. அழுக்கை மட்டும் துடைத்து, மேலே பூசினாற் போதும். பவுடர் போடுதல் வேண்டா. அது மூச்சுடன் உட்சென்று நுரையீரலைக் கெடுக்கும். போரிக் பவுடரோ புண் வழியே உடம்பிற் சேர்ந்து நஞ்சாகும். துணிகளைச் சோப்பு முற்றும் நீங்குமளவும் அலசி வெயிலில் உலர்த்துக.

3 நாட்களில் தணியாவிடினும், தொடையிடுக்கின் மடிப்புக்குள் செக்கச்செவேலெனச் சிவந்து ஓரங்களில் சிறு பொட்டுக்கள் தோன்றினும், காளான் இனக் கிருமி பற்றியிருக்கலாம். அப்பொழுது, படர்தாமரைக்கென்று பெரியவர்கள் வைத்திருக்கும் களிம்பை எடுத்துத் தடவலாகாது. அவற்றுட் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. முதலில் சிவப்பு மறையும், குணமென்று மகிழ்வோம். கிருமியோ உள்ளே வளரும், தோல் மெலியும், மருந்து சிசுவின் இரத்தத்திலும் கலக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் தரும் களிம்பையே உபயோகிக்க வேண்டும்.

கொப்புளம், சீழ், ஜுரம், பால் குடியாமை இவற்றுள் ஒன்று கண்டாலும் களிம்பை நம்பிக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு செல்க. பிறந்து ஒரு மாதம் நிறையாத சிசுவானால் பொழுது விடியட்டும் என்றும் இருக்கலாகாது.