நம் போனில் யார் பூட்டு?



நம் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி இருக்கிறது. 2015ஆம் ஆண்டு அங்கே பாக்ஸ்கான் ஆலையில் ஷியோமி போன் செய்யத் தொடங்கினார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். போன் செய்யும் கை நம் கை. காசு கொடுத்து வாங்குவதும் நாம். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் நம்மைக் கேட்பது இல்லை.

எந்தக் கம்பெனி போனானாலும் சரி, புதிதாகத் திறந்து பாருங்கள். சின்னச் சின்னப் படங்கள் நிறைய இருக்கும். இவைதான் ஆப். கடை, விளையாட்டு, செய்தி, பாட்டு. நாம் போட்டவை அல்ல. சிலவற்றை அழுத்திப் பிடித்தால் 'நிறுவல் நீக்கு' என்று வரும். தொட்டால் போய்விடும். சிலவற்றில் அந்த வார்த்தையே வராது.

நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா டுவாக்ரா குழுவின் பாஸ்புத்தகத்தைப் படம் எடுக்கப் போனார். 'இடம் இல்லை' என்று போன் சொன்னது. தொடாத ஆப்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அக்கா பேரனின் படங்களை அழித்துவிட்டுப் பாஸ்புத்தகத்தை எடுத்தார். அட்டையில் 32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் அத்தனையும் நமக்கு இல்லை.

வாடகை வீட்டில் வீட்டுக்காரர் ஓர் அறையில் தன் சாமானைப் போட்டுப் பூட்டி வைப்பார் அல்லவா? அப்படித்தான். ஆனால் இது வாடகைக்கு எடுத்தது இல்லையே!

இதைக் கேட்டவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த சிலர் டில்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்தில் கூகுள் மீது புகார் கொடுத்தார்கள். 2019இல் விசாரணைக்கு உத்தரவு வந்தது. 2022 அக்டோபர் 20இல் தீர்ப்பு. அபராதம் 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய். தன் ஆப்களை மொத்தமாகப் போட்டே தீர வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நீக்க நினைப்பவரைத் தடுக்கக் கூடாது என்றது ஆணையம். கூகுள் மேல்முறையீடு செய்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அபராதம் சரி என்றது. ஆனால் 'நீக்குவதைத் தடுக்கக் கூடாது' என்ற கட்டளையை எடுத்துவிட்டது. நமக்கு வேண்டியது அதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

நீக்க முடியாததை முடக்கலாம். 'அமைப்புகள்' தொடுங்கள். அதில் 'ஆப்ஸ்'. வேண்டாத ஆப்பின் பெயரைத் தொட்டால் 'முடக்கு' என்று இருக்கும். முடக்கினால் அது ஓடாது, நெட்டைத் தின்னாது, மணி அடித்துக் கூப்பிடாது. பிறகு சேர்ந்த சுமை இறங்கும். முதலில் வந்த சாமான் அங்கேயே கிடக்கும். சிலவற்றில் 'முடக்கு' என்ற எழுத்தே மங்கலாக இருக்கும். அழுத்திப் பயன் இல்லை.

பெயர் தெரியாததைத் தொட வேண்டாம். போன் பேசுவதற்கும், மெசேஜ் வருவதற்கும் தேவையானவை அங்கே இருக்கலாம். தவறி முடக்கினாலும் பயம் இல்லை. அதே இடத்தில் 'இயக்கு' என்று வரும்.

பலகையில் மூன்று வார்த்தை எழுதுகிறேன். அமைப்புகள். முடக்கு. இயக்கு. போனைத் தெலுங்கில் வைத்திருப்பவர்களுக்குத் தெலுங்கிலும் எழுதித் தருகிறேன். போனை வெளியே எடுங்கள்.