நாளாந்த வாழ்விற் புதுமை புனைதல்

(பலாபத்வலயில் நிகழ்ந்த வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதியன புனையும் பழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். செய்தி அறிந்த சில வாலிபர்கள் நம்மிடம் வந்து, "அது பிறவியிலேயே வரவேண்டிய வரமல்லவா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே கிட்டும்?" என்று கேட்டனர். அந்த எண்ணத்தோடுதான் இன்று நாம் வழக்காட வந்திருக்கிறோம்.

லயத்திலே ஓர் இழவு விழுந்தால் ஒப்பாரி வைக்கும் மூதாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? மெட்டு பழையது. அடிகளிற் பல வழிவழி வந்தவை. ஆயினும், மாண்டவர் எந்த மலையிற் கொழுந்தெடுத்தார், யாரை நம்பிப் பிள்ளைகளை விட்டுச் சென்றார் என்பனவெல்லாம் அந்த நேரத்திலேயே பாட்டினுள் வந்து பொருந்தி விடுகின்றன. ஏடெடுத்துப் படித்தவரல்லர் அவர். பிறர் பாடக் கேட்டு, கூடச் சேர்ந்து அழுது, நாப் பழகியவர்; அவ்வளவே. தாலாட்டும் அப்படித்தான். மாசி மாதத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் மலையில் உழைத்தவர்கள் இரவிலே ரதியாகவும் மதனாகவும் வந்து நிற்கிறார்களே! அவர்களை எந்தக் கலாசாலை பழக்கியது?

பழையதை நன்றாகப் பழகியவனுக்கே அதிற் புதிய அடியொன்றைச் சேர்க்க வருகிறது. இதை நாம் நூலிற் படித்து அறியவில்லை, இழந்து அறிந்தோம். நமது பாட்டியார் நடவுக்கும் தாலாட்டுக்கும் எத்தனையோ பாட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நமக்கோ "லயத்துப் பாட்டு" என்றால் வெட்கம். ஒன்றையும் எழுதி வைத்தோமில்லை. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவை இரண்டே அடிகள். அவற்றிலும் ஒரு சொல்லின் பொருள் தெரியாது. கேட்பதற்கு அவர் இல்லை.

நாம் செய்யத் தவறியதைச் செய்தவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திற் கவிதை செய்தவர். அத்தகையவர், மற்றவர்கள் செவிகொடாது நடந்த பாடல்களைத் தேடித் தேடித் திரட்டினார். அவை "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்னும் பெயரில் 1983இல் நூலாயின. அடுத்த ஆண்டே அவர் காலமானார். சற்றே தாமதித்திருந்தால்?

இங்கிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில் அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் சூழ்ந்தபோது, மனப்பாடமாகவே காத்துவந்த திரிபிடகத்தைப் பிக்குமார் அங்கேதான் ஓலையில் எழுதினர் என்பது மரபு. ஓதுவோர் மாண்டால் ஓதலும் மாளும் என்று அஞ்சினார்கள். அதே வடபாதை வழியாகத்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காடு கடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தனர். அவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் சுமந்து வந்தவற்றிற் பாட்டும் ஒன்று. அதற்கு ஓலை கிடைக்கவில்லை.

ஆகவே வாலிபர்களே, ஒரு கொப்பி வையுங்கள். இரவு படுக்குமுன், அன்று காதில் விழுந்த ஒரு சொல்லோ பழமொழியோ பாட்டடியோ எழுதுங்கள். அதன் கீழே உங்களுடையதாக ஒரு வரி எழுதுங்கள். அது நன்றாக இராது. முதல் ஆறு மாதம் எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. "கைத்தொலைபேசியில் ஒலியைப் பிடித்து வைத்தாற் போதாதா?" என்பீர்கள். பிடித்து வையுங்கள், ஆனால் பின்பு அதைக் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதுங்கள். எழுதும்போதுதான் விளங்காத சொல்லிற் கை நிற்கும். கை நின்றாற்றான் எழுந்து போய் ஒருவரைக் கேட்கத் தோன்றும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது, "வாயை மூடு" என்று நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கூத்திலே முதன்முறை அடி தவறிய பையனைப் பார்த்துச் சிரித்தவர்களும் நாம்தாம். அவன் மறு வருஷம் களரிப் பக்கம் வரவில்லை. இப்போது, "வாலிபருக்கு நம் கலையில் நாட்டமில்லை" என்று குறைப்படுகிறோம்.

செயலாளரிடம் நாற்பது பக்கக் கொப்பிகள் ஒரு கட்டுக் கொடுத்திருக்கிறோம். வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம். முன்வரிசையில் வெற்றிலைப் பெட்டியோடு வீற்றிருக்கும் பாட்டிமார் இன்னும் வீடு திரும்பவில்லை.