எந்தக் கடையில் எதை வாங்குவது?
(கோவிலம்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டு வேலை, அபார்ட்மெண்ட் வேலை, துரைப்பாக்கம் பக்கம் ஹவுஸ்கீப்பிங் வேலை எல்லாம் முடித்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் பெரிய விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. தினமும் கையில் எடுக்கும் மளிகைப் பையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

இதை ஏன் எடுத்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். போன மாதம் சில குழுக்களின் தீர்மான நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். உள்கடன் எதற்கு என்ற இடத்தில் படிப்புச் செலவு, மருத்துவம், ஆட்டோ ரிப்பேர் என்றெல்லாம் இருந்தது. அதற்கு நடுவே 'குடும்பச் செலவு', 'குடும்பச் செலவு' என்று திரும்பத் திரும்ப வந்தது. என்ன செலவு என்று கேட்டோம். ஒரு அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி கடை பாக்கிதான். போன தடவையும் குழுவுல வாங்கித்தான் அடைச்சேன். இந்தத் தடவையும் அப்படியே ஆயிடுச்சு."

அந்த அக்கா சோம்பேறி இல்லை, ஊதாரியும் இல்லை. வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆனால் சாப்பிட்டு முடித்த அரிசிக்கும் பருப்புக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ஆறாயிரம் ரூபாய் கடனுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் 120 ரூபாய். அது ஒரு மாதச் சந்தாவை விட அதிகம். அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

எங்கள் தவறு

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு நாங்களே ஒரு பயிற்சியில், "சில்லறையாக வாங்காதீர்கள், மாதம் ஒரு முறை பெரிய சூப்பர் மார்க்கெட் போய் மொத்தமாக வாங்குங்கள், மிச்சமாகும்" என்று சொல்லிக் கொடுத்தோம். அடுத்த மாதம் ஒரு உறுப்பினர் நீளமான பில்லோடு வந்தார். "மேடம், நீங்க சொன்னீங்கன்னு போனேன். சர்க்கரை குறைச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா வெளிய வரும்போது பிளாஸ்டிக் டப்பா, நூடுல்ஸ், பிஸ்கட்டு, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு ரெண்டு சோப்பு ஆயில் எல்லாம் கையில இருந்துச்சு. பாலுக்குக் காசு இல்ல. அண்ணாச்சிகிட்ட கடன் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு நாங்கள்தான் பாடம் கற்றுக்கொண்டோம். தினக்கூலி வாங்குகிறவருக்கு மாதச் சம்பளக்காரரின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தவறு. எல்லாவற்றுக்கும் மலிவான ஒரே கடை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கடை உண்டு. அதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ரேஷன் கடை

நம் வீட்டு மளிகைக் கணக்கு ரேஷன் கார்டில் இருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று தருகிறார்கள். பருப்பும் பாமாயிலும் 2007-ல் சிறப்புத் திட்டமாக வந்தவை. சர்க்கரை 2017 நவம்பரில் கிலோ 25 ரூபாய் ஆனது. அந்த்யோதயா கார்டுக்கு மட்டும் 13 ரூபாய் 50 காசு. வெளியில் இதே பருப்பும் எண்ணெயும் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். இந்த நாலு பொருளையும் விடாமல் வாங்கினாலே ஒரு பெரிய பாரம் குறையும்.

"கியூவுல நின்னா அரை நாள் கூலி போயிடுதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வாங்கினால் அது மலிவு இல்லை. ஆனால் கார்டில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் போய் விரல் ரேகை வைத்து வாங்கலாம். மாமனார், மாமியார், வளர்ந்த பிள்ளை என்று வேலைக்குப் போகாதவரை அனுப்புங்கள். அடுத்த வீட்டு ஆள் போகும்போது "பருப்பு வந்திருக்கா பாத்துட்டு வாங்க" என்று சொல்லி வையுங்கள்.

பொருள் வாங்கியதும் பதிவு செய்த செல்போனுக்கு மெசேஜ் வரும். அதைப் படிக்கச் சொல்லுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் அன்றைக்கே கடையில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் 1967 எண்ணுக்குப் புகார் சொல்லலாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் குழுவாகப் போய்க் கேளுங்கள். குழு இருப்பதே அதற்குத்தான்.

இன்னொன்று. ரேஷன் அரிசியை கிலோ சில ரூபாய்க்கு வீட்டு வாசலில் விற்றுவிட்டு, அதே மாதம் கடையில் பல மடங்கு விலைக்கு அரிசி வாங்குகிறோம். அப்படி விற்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். கணக்குப்படியும் அது நஷ்டம். சோறு பிடிக்கவில்லை என்றால் இட்லி, தோசைக்கு ஊறப் போடுங்கள், புட்டுக்கு மாவு அரையுங்கள். கடையில் வாங்கும் இட்லி அரிசியாவது மிச்சமாகும்.

காய்கறி எங்கே?

உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் அன்றைய முதல்வர் கலைஞர் தொடங்கி வைத்தார். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, தராசும் கொடுக்கிறார்கள், அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் மேடவாக்கத்திலும் பல்லாவரத்திலும் உழவர் சந்தை இருக்கிறது. காலையில் போனால்தான் நல்ல காய் கிடைக்கும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் நடந்து வரும் சந்தை. செடியில் இருந்து பழைய சாமான் வரை எல்லாம் கிடைக்கும். காய்க்கென்று போனால் காயோடு திரும்பி வாருங்கள், அவ்வளவுதான் நாங்கள் சொல்வது.

போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் வேலை முடிந்து வரும் வழியில் சந்தை இருந்தால் இறங்கி வாங்குவது லாபம். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால் மிச்சம் பத்து ரூபாய்தான், உடம்பு வலி தனி. தெருவில் வரும் வண்டிக்காரரிடம் வாங்குவதும் தப்பில்லை. சந்தை விலை தெரிந்து வைத்திருந்தால் அவரிடம் நியாயமாகப் பேசலாம்.

தக்காளி, வெங்காயம் விலை ஏறும்போது எல்லோரும் தவிக்கிறோம். அப்போது கிலோ கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். புளியும் மோரும் இருக்கின்றன. தக்காளி இல்லாத குழம்பு நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததா?

அண்ணாச்சி கடை

சிலர் அண்ணாச்சி கடையே வேண்டாம் என்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் நின்றபோதும், 2020-ல் ஊரடங்கில் வேலை போனபோதும் நமக்கு "எடுத்துக்கிட்டுப் போம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னது யார்? சூப்பர் மார்க்கெட் மெஷின் அப்படிச் சொல்லாது. அந்த உறவு நமக்குத் தேவை. ஆனால் அது ஆபத்துக்கு உதவும் உறவாக இருக்க வேண்டும். தினப்படிக் கடனாக ஆகிவிடக் கூடாது.

கடனுக்கு வாங்கும்போது விலை கேட்க வாய் வராது. எடை பார்க்கக் கூச்சம். வேறு கடைக்குப் போகவும் முடியாது. இதுதான் உண்மையான நஷ்டம். அதனால் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, கடன் நோட்டு அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. அன்றன்றைக்கு எழுதுங்கள், எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். இரண்டு, பத்து ரூபாய் பாக்கெட்டுகளைக் கவனியுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். பத்து ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் 25 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராம் 40 காசு, கிலோ 400 ரூபாய் ஆகிறது. அதே தூள் 250 கிராம் 80 ரூபாய் என்றால் கிலோ 320 தான். மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்தால் இன்னும் குறையலாம். விலையை எடையால் வகுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வித்தை. இப்போது பெரும்பாலான பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று அச்சிட்டே வருகிறது. எம்.ஆர்.பி. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். பார்க்க லிட்டர் பாக்கெட் மாதிரியே 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகளும் வருகின்றன. "விலை குறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் எடையைப் படியுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் யாரும் விற்கக் கூடாது. விற்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சூப்பர் மார்க்கெட் போனால்

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. மொத்தமாக வாங்குவதால் சர்க்கரை, பருப்பு, சோப்பு போன்றவை அங்கே குறைவாக இருக்கலாம். ஆனால் குறைந்த விலைப் பொருளைக் காட்டி உள்ளே வரவைத்து, போகிற வழியெல்லாம் மற்றதை அடுக்கி வைப்பது அவர்கள் வியாபாரம். நம் பாதுகாப்புக்கு மூன்று விஷயம்:

1. வீட்டிலேயே சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாதது கூடையில் இல்லை.
2. அந்தச் சீட்டுக்கு வேண்டிய பணம் மட்டும் கையில் இருக்கட்டும்.
3. பில்லை வாசலிலேயே நின்று சரி பாருங்கள். தட்டில் எழுதிய விலையும் பில்லில் வந்த விலையும் ஒன்றா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சேர்ந்து வாங்கலாமா?

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ம் வருடம் 28 பேர், அவர்களில் பலர் நெசவுத் தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு ஒரு சின்னக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்ற சில பொருட்கள்தான். கலப்படம் இல்லை, சரியான எடை, லாபம் வந்தால் வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே. உலகம் முழுக்கக் கூட்டுறவுக் கடைகளுக்கு அது வழிகாட்டியானது. நம் சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததுதான்.

நாங்களும் பன்னிரண்டு பேர் உள்ள ஒரு குழுவில் இதைச் செய்து பார்த்தோம். துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய் மட்டும் மொத்தக் கடையில் வாங்கிப் பிரித்தோம். முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் மாதம் இரண்டு பேர் "அடுத்த வாரம் தரேன்" என்று எடுத்துப் போனார்கள். பொருளாளர் தன் கைக்காசைப் போட்டார். நாலாவது மாதம் அந்த அம்மா, "எனக்கும் அவங்களுக்கும் பேச்சே நின்னு போச்சு. பருப்பும் வேணாம், மிச்சமும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். திட்டம் நின்றது.

ராச்டேல்காரர்கள் கடன் கொடுக்கவில்லை, ரொக்கத்துக்கு மட்டுமே விற்றார்கள். அதை நாங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதனால் மறுபடி தொடங்க விரும்பும் குழுக்களுக்கு எங்கள் யோசனை: பணம் ஒரு வாரம் முன்னாலேயே கட்டியவருக்கு மட்டும் பொருள். மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் எடை போட வேண்டும். யார் வீட்டிலும் ஸ்டாக் வைக்கக் கூடாது. சேமிப்புப் பணத்தில் கை வைக்கக் கூடாது.

மிச்சம் எவ்வளவு வரும்? பொய் சொல்ல மாட்டோம். கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் குறைந்தால் வீட்டுக்கு மாதம் ஐம்பது, நூறு. ஆனால் அந்த நூறுதான் உங்கள் சந்தா.

ஒரு மாதம் முந்துவோம்

கடைசியாக அந்த அக்காவிடம் வருகிறோம். கடனில் வாங்குகிறவர் எப்போதும் ஒரு மாதம் பின்னால் இருக்கிறார். குழுக்கடன் வாங்கிப் பாக்கியை அடைப்பது தப்பில்லை. அடைத்த அன்றே நோட்டை மூடாததுதான் தப்பு. அந்த அக்காவின் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இது கடைசி மளிகைக் கடன், பத்துத் தவணை, அதுவரை கையில் உள்ள காசுக்கு மட்டும் சாமான். காசு இல்லாத நாளில் பக்கத்து உறுப்பினர் ஒரு படி அரிசி கொடுப்பார், திருப்பி அரிசியாகவே வாங்கிக்கொள்வார். இரண்டு தவணை கட்டியாகிவிட்டது. போன வாரம் அவரைப் பார்த்தோம். "அண்ணாச்சிகிட்ட விலை கேட்டேன். கேட்டதும் ரெண்டு ரூபா குறைச்சுட்டாரு" என்று சிரித்தார். இன்னும் எட்டுத் தவணை இருக்கிறது. கட்டி முடிப்பார் என்று நம்புகிறோம். நடுவில் தடுமாறினால் குழு கூட நிற்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஐந்து பொருளின் விலையை மூன்று இடத்தில் கேட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், வெங்காயம். கடைப் பெயர் வேண்டாம், எடையும் விலையும் போதும். எல்லாவற்றையும் பலகையில் எழுதி, நம் ஊருக்கு எது சரி என்று நாமே முடிவு செய்வோம்.